தமிழ் ஃபார்மின் நான்காவது வரி

என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் அஷ்வினி என்னிடம் கேட்டது ஒரே ஒரு பக்கம்தான், அதுவும் இங்கிலீஷில். இன்டர்ன்ஷிப்புக்கு வரும் மாணவர்களை எப்படி நடத்த வேண்டும் என்று மேற்பார்வையாளர்களுக்கு ஒரு கையேடு போடுகிறார்களாம். "உங்க அனுபவத்தை எழுதிக் கொடுங்க தாயி" என்றாள். தாயி என்றால் மராத்தியில் அக்கா. எழுதிக் கொடுத்தேன். தண்ணீர் பாட்டில் இல்லாமல் வெயிலில் அனுப்பாதே, தனியாக அனுப்பாதே, ஒரு வீட்டுப் பதிலை அடுத்த வீட்டில் பேச விடாதே, இப்படி. அதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனாலும் அனுப்பிய பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பக்கத்தில் நிவேதிதா இல்லை. அவளைப் பற்றி எழுத எனக்கு இங்கிலீஷும் வரவில்லை, மராத்தியும் வரவில்லை. அதனால் இதைத் தமிழில் எழுதுகிறேன். தெளிவாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கே இன்னும் பாதி குழப்பம்தான்.

நான் சுந்தரி, வேலூர்ப் பக்கத்துக்காரி. கல்யாணமாகிப் புனேவுக்கு வந்தேன். வீட்டுக்காரருக்கு கோர்படியில் ராணுவப் பட்டறையில் வேலை. தபாலில் சமூகப்பணி டிப்ளமா படித்து, காசநோய் மாத்திரை கொடுக்கும் வேலையில் ஆரம்பித்து, கடைசியில் ஒரு தொண்டு நிறுவனத்தின் புகையிலைத் தடுப்புப் பிரிவில் களமேற்பார்வையாளராக வந்து நின்றேன். படித்த கதையும் ஏறிய கதையும் அவ்வளவுதான், நீட்ட ஒன்றுமில்லை.

வருஷத்துக்கு இரண்டு தடவை பொதுச் சுகாதாரம் படிக்கும் பிள்ளைகள் ஆறு வாரம் எங்களிடம் வருவார்கள். வந்த முதல் நாளே எல்லோருக்கும் ஒரே கேள்வி: "மேடம், பாலிசி வேலை எப்போ ஆரம்பிக்கும்?" ஏசி அறையில் உட்கார்ந்து சட்டம் எழுதப் போகிறோம் என்ற நினைப்பு. நான் நேராக ரயில்வே காலனிக்குப் பின்னால் இருக்கும் சந்துக்குக் கூட்டிக்கொண்டு போவேன். "பாலிசியா? இதுக்குள்ளதான் இருக்கு. தலை இடிக்கும், குனிஞ்சு வா" என்பேன். கேலிதான், ஆனால் உண்மையும் அதுதான். நாங்கள் வீடு வீடாக நிரப்பி வரும் ஃபார்ம்களை வைத்துத்தான் எந்த வார்டில் வாய்ப் பரிசோதனை முகாம் போடுவது, எந்தப் பொருளை எச்சரிக்கைப் பட்டியலில் சேர்ப்பது என்றெல்லாம் மேலே முடிவாகும். ஃபார்மில் ஏறாத பழக்கம் ஊரிலேயே இல்லாத மாதிரி ஆகிவிடும்.

எங்கள் தலைவர் டாக்டர் சித்ரே மேடம். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் பேனாவை மூடி மேஜைமேல் வைப்பார். அந்த 'டக்' சத்தம் போதும், எல்லோருக்கும் புரிந்துவிடும். ஃபார்ம் விஷயத்தில் அவருடைய கறாரைச் சொல்லி மாளாது. பதில் தவறாகக் குறித்துவிட்டால் அடித்துக் கிறுக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது. ஒரே ஒரு கோடு. பழைய பதில் கீழே தெரிய வேண்டும். பக்கத்தில் சரியான பதில், பெயரின் முதலெழுத்து, தேதி. அதுவும் பதில் சொன்னவர் எதிரில் இருக்கும்போதுதான் செய்ய வேண்டும். வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டுத் திருத்தினால் அது திருத்தம் இல்லை, கற்பனை என்பார். ஃபார்ம்களை இருபத்தைந்து இருபத்தைந்தாக வெள்ளை நாடாவில் கட்டித் தர வேண்டும். ஒவ்வொரு கட்டிலிருந்தும் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை உருவி, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கே போய் அதே கேள்விகளை மறுபடி கேட்டுவிட்டு வருவார். இன்னொன்றும் உண்டு. புது ஃபார்ம் அச்சடித்தால் ஊரில் யாரையும் கேட்பதற்கு முன்னால் நாங்களே அதை நிரப்ப வேண்டும். மேடம் எதிரில் உட்கார்ந்து, சத்தமாக, ஒவ்வொரு கேள்விக்கும் சொந்தப் பதில்.

நான் ஓய்வு பெறுவதற்கு நாலு வருஷம் முன்னால் தமிழ்க் குடும்பங்களுக்கு என்று தனி ஃபார்ம் போட முடிவானது. மராத்தி ஃபார்ம் நான் அந்தப் பிரிவுக்கு வருவதற்கு முன்பே இருந்தது. ஆபீசிலேயே தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது. ஒன்பதாம் கேள்வி: "புகையிலை எந்த வடிவத்திலாவது எப்போதாவது உபயோகித்ததுண்டா?" அதன் கீழே ஐந்து வரி. பீடி சிகரெட், மெல்லும் புகையிலை, குட்கா, நான்காவதாக மிஷ்ரி, ஐந்தாவதாக மற்றவை. எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றால் ஒரு அம்புக்குறி நேராகப் பதினாலாம் கேள்விக்குத் தாவச் சொல்லும். இடையில் தாண்டிப் போவது வாய்ப் பரிசோதனை. 'ஆம்' என்றவர்களைத்தான் சனிக்கிழமை பல் டாக்டர் வந்து டார்ச் அடித்துப் பார்ப்பார்.

மிஷ்ரி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். புகையிலையைத் தவாவில் போட்டுக் கருக வறுத்துப் பொடி செய்வது. மகாராஷ்டிரத்துப் பெண்கள் காலையில் விரலால் தொட்டுப் பல்லிலும் ஈறிலும் தேய்ப்பார்கள். அதைப் புகையிலை என்று யாரும் நினைக்க மாட்டார்கள், பல்பொடி என்றுதான் சொல்வார்கள். அதனால்தான் மராத்தி ஃபார்மில் அதற்குத் தனி வரி. தமிழில் அந்த வரியை நான் எழுதவில்லை. "நம்ம பொம்பளைங்களுக்கு இந்தப் பழக்கம் ஏது?" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்து வரி நாலு வரி ஆனது.

அந்தத் தமிழ் ஃபார்மோடு நான் சந்துக்கு அனுப்பியவள்தான் நிவேதிதா. அப்பா அம்மா இருவரும் ஐ.டி. பிறந்து வளர்ந்தது எல்லாம் புனே. தமிழ் பேசுவாள், ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் படி இறங்கும் குழந்தை மாதிரி தடுமாறி வரும். நான் சிரிப்பேன், அவளும் சிரிப்பாள். மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம், ஃபார்ம் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள்.

"ஆன்ட்டி, ஒரு ப்ராப்ளம். செல்வராணி ஆன்ட்டி இருக்காங்கல்ல, ரயில்வே அங்கிளோட வைஃப்? அவங்ககிட்ட நைன்த் கொஸ்டின் கேட்டேன். 'பொகையிலயா? ச்சீ, எங்க ஊட்ல யாரும் தொட மாட்டோம்'னாங்க. நோ டிக் பண்ணிட்டேன்."

"சரி, அதுக்கென்ன?"

"எல்லாம் முடிஞ்சு சும்மா பேசிட்டு இருந்தோம். காரம் சாப்ட்டா வாய் எரியுதுன்னாங்க. எந்த பேஸ்ட் யூஸ் பண்றீங்கன்னு கேட்டேன். 'பேஸ்ட்டெல்லாம் எதுக்குமா, மிஷ்ரிதான். அது தேய்க்கலனா எனக்கு வெளியவே போகாது'ன்னு சொல்லி டப்பாவ எடுத்துக் காட்டினாங்க. பக்கத்து வீட்டு ஆன்ட்டிங்களும் தேய்க்கிறாங்களாம். மொத்தம் ஏழு பேர், எல்லாருக்கும் நோ டிக் பண்ணிருக்கேன். மராத்தி ஃபார்ம்ல அதுக்கு லைன் இருக்கு. நம்ம ஃபார்ம்ல இல்ல. அவங்க சாட்டர்டே லிஸ்ட்ல வரமாட்டாங்க ஆன்ட்டி."

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நான் என்ன செய்தேன் தெரியுமா? எரிந்து விழுந்தேன். "ஃபார்ம்ல இருக்கறத மட்டும் கேளு. பல்லு தேய்க்கறது, வெளிய போறதுன்னு ஊர் வம்பெல்லாம் உனக்கு எதுக்கு? நம்ம பொம்பளைங்க அதெல்லாம் செய்ய மாட்டாங்க. யாரோ ஒருத்தி சும்மா சொல்லியிருப்பா." அவள் ஃபார்ம் கட்டை மறுபடி மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஓகே ஆன்ட்டி" என்று போய்விட்டாள்.

மறுநாள் அவள் அந்த ஏழு ஃபார்மிலும் 'இல்லை'யின் மேல் ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் 'ஆம்', மற்றவை என்ற வரியில் 'மிஷ்ரி', முதலெழுத்து, தேதி. எதையும் மறைக்கவில்லை. எல்லாம் விதிப்படி. ஒன்றைத் தவிர. திருத்தியது ஆபீஸில் உட்கார்ந்து, எதிரில் யாரும் இல்லாமல்.

மேடம் அந்தக் கட்டிலிருந்து உருவிய ஃபார்ம் செல்வராணியுடையது. விதியா வேறு ஏதாவதா, நான் அறியேன். ஸ்கூட்டரில் போனார், இந்தியில் கேட்டார், திரும்பி வந்து எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேஜைமேல் இடப்பக்கம் தமிழ் ஃபார்ம், வலப்பக்கம் மராத்தி ஃபார்ம். அவர் பேசியது இந்தியும் மராத்தியுமாக. நான் தமிழில் தருகிறேன்.

"இந்தத் திருத்தத்தின் தேதி புதன்கிழமை. வருகைப் பதிவேட்டில் புதன்கிழமை இந்தச் சந்துக்கு யாரும் போகவில்லை. எங்கே வைத்துத் திருத்தினாய்?"

"இங்கேதான் மேடம்" என்றாள் நிவேதிதா. "ஆனால் அவங்க சொன்னது உண்மை."

"உண்மைதான். நானும் கேட்டேன், டப்பாவைப் பார்த்தேன். உண்மையா என்று நான் கேட்கவில்லை." பிறகு இரண்டு ஃபார்மையும் என் பக்கம் திருப்பினார். "சுந்தரி தாயி, எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எண்ணத் தெரியும். இங்கே ஐந்து வரி. இங்கே நாலு."

"விட்டுப் போச்சு மேடம்" என்றேன்.

"நீங்களே நிரப்பிப் பார்த்தீர்கள் அல்லவா, என் எதிரில்?"

"ஆமாம் மேடம்."

மேடம் மராத்தி ஃபார்மை ஒதுக்கி வைத்தார். பிறகு அவளிடம் திரும்பினார். "ஃபார்மில் குறை இருப்பது தெரிந்ததும் மேற்பார்வையாளரிடம் சொன்னாயா?"

நிவேதிதா என்னைப் பார்த்தாள். நான் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் வாயைத் திறக்க எனக்கு ஒரு நிமிஷம் இருந்தது. முழுசாக ஒரு நிமிஷம்.

"இல்ல மேடம்" என்றாள் அவள்.

டக். பேனா மூடியது.

ஒன்றை மட்டும் மேடம் தள்ளிப் போடவில்லை. "முதலில் வாய், அப்புறம் ஃபார்ம்" என்று அந்த ஏழு பேரையும் அந்தச் சனிக்கிழமையே வரவழைத்தார். செல்வராணியின் கீழ் உதட்டுக்கு உள்ளே, விரல் தேய்க்கும் இடத்தில், வெள்ளையாக ஒரு திட்டு. சின்னத் துண்டு எடுத்துச் சோதித்தார்கள். புற்று இன்னும் ஆரம்பிக்கவில்லை, ஆனால் தேய்ப்பதை விட்டாக வேண்டும் என்றார்கள். விட்டுவிட்டதாகத்தான் இன்றைக்கும் என்னிடம் சொல்கிறாள். நம்புவதா வேண்டாமா, தெரியவில்லை. தமிழ் வீடுகள் எல்லாவற்றிலும், ஃபார்மில் நான்காவது வரியைக் கையால் எழுதிச் சேர்த்து நானே மறுபடி கேட்டு வந்தேன்.

அந்த வரி ஏன் போனது என்று இப்போது சொல்லிவிடுகிறேன். முதல் குழந்தை வயிற்றில் இருந்தபோது எனக்கு விடிந்தால் குமட்டல், பல்வலி வேறு. பக்கத்து வீட்டு மராத்திக்காரி ஒரு சிட்டிகை கொடுத்தாள். தேய்த்ததும் தலை லேசாகச் சுற்றி, வலி போய், உடம்பே இலேசானது. இரண்டு வருஷம் தேய்த்தேன். வீட்டுக்காரருக்குத் தெரியாது. பிறகு விட்டேன். விட்டேன் என்றால், வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை பல் குடைந்தால் மட்டும். அதை விட்டதாகக் கணக்கில் எடுப்பதா, கூடாதா? இத்தனை பேருக்கு உபதேசம் செய்தவளுக்கு இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாது. ஃபார்மை மேடம் எதிரில் உட்கார்ந்து சத்தமாக நிரப்ப வேண்டும் என்று சொன்னேன் இல்லையா? நான்காவது வரி அங்கே இருந்திருந்தால் நான் வாய்விட்டு வாசித்து, வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நம்ம பொம்பளைங்களுக்கு ஏது என்று நினைத்தது பெருமையா, இல்லை பயம்தான் பெருமை வேஷம் போட்டதா? அன்றைக்கு எனக்குப் பிரித்துத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

ஆறு வாரம் முடிந்ததும் மதிப்பீட்டுத் தாள் என் கைக்கு வந்தது. அதில் ஒரு கேள்வி: "பிரச்சினைகளை மேற்பார்வையாளரிடம் உரிய நேரத்தில் தெரிவிக்கிறாரா?" ஆம் என்று குறித்தால், அன்றைக்கு இல்லை என்றாளே என்று மேடம் கேட்பார். நான் 'இல்லை' என்று டிக் அடித்தேன். அவளே இல்லை என்றுதானே சொன்னாள் என்று ஒரு சமாதானம். கையெழுத்தும் போட்டேன். ஆபீஸில் உட்கார்ந்து திருத்திய குற்றமும் இந்த 'இல்லை'யும் சேர்ந்து, கல்லூரி அந்த இன்டர்ன்ஷிப்பை ஏற்கவில்லை. அவள் ஊருக்கு வெளியே ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையின் சுகாதாரப் பிரிவில் மறுபடியும் ஆறு வாரம் செய்தாள். கூடப் படித்தவர்கள் பட்டம் வாங்கி வேலைக்குப் போன பிறகு இவளுக்குப் பட்டம் வந்தது. எங்களிடம் இருந்த கடைசி நாள் எனக்கு ஒரு டப்பாவில் பாக்கர்வடி, இந்த ஊர்க் காரப் பலகாரம், கொடுத்துவிட்டுப் போனாள். கோபம் இருக்கிறவள் பாக்கர்வடி கொடுப்பாளா? கோபம் இல்லாதவள் ஒரு வார்த்தை பேசாமல் கொடுப்பாளா?

போன மாதம் அஷ்வினி இன்னொரு வேலையும் கொடுத்தாள். இப்போது காகிதம் கிடையாது, எல்லாம் டேப்லெட். தமிழ்க் கேள்விகள் சரியா என்று பார்த்துச் சொல்ல வேண்டுமாம். ஸ்ருதி என்று ஒரு இன்டர்ன் பெண் என் வீட்டுக்கே எடுத்து வந்தாள். முதலில் நானே நிரப்புகிறேன் என்றேன். ஒன்பதாம் கேள்வி வந்தது. நான்காவது வரி இருந்தது. 'எப்போதாவது' என்றும் இருந்தது. 'ஆம்' என்பதை அமுக்கினேன்.

"அய்யோ ஆன்ட்டி, தப்பா அமுக்கிட்டீங்க. பேக் போயி மாத்திடட்டுமா?"

"மாத்தினா பழைய பதில் எங்க தெரியும்?"

"தெரியாது ஆன்ட்டி. போயிடும். சுத்தமா போயிடும்."

"சரியாத்தான் அமுக்கியிருக்கேன். அப்படியே இருக்கட்டும்" என்றேன். அந்தப் பெண் முகத்தில் ஈயாடவில்லை. அடுத்த கேள்வி வாயைப் பார்க்கச் சொன்னது. ஃபோன் டார்ச்சை வைத்துக்கொண்டு தயங்கி நின்றாள். "பாரும்மா, உன் வேலைய செய்" என்று வாயைத் திறந்தேன். ஒன்றுமில்லை என்றாள். அவள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெட்கமா நிம்மதியா, ஏதோ ஒன்று.

பழைய ஃபைல்களில் அந்த மதிப்பீட்டுத் தாளின் என் பிரதி இருந்தது. பேனாவைத் திறந்து கோடு போடப் போனவள் நிறுத்தினேன். எதிரில் ஆள் இல்லாமல் திருத்துவதற்குப் பெயர் என்ன? அதற்காகத்தானே அந்தப் பிள்ளையைத் தண்டித்தோம். அஷ்வினியிடம் நம்பர் வாங்கினேன். நிவேதிதா இப்போது பிம்ப்ரியில் தொழிலாளர் ஆரோக்கியம் பார்க்கும் ஒரு நிறுவனத்தில் அதிகாரி. "வாங்க ஆன்ட்டி" என்றாள், ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. மெட்ரோவில் உட்கார்ந்து வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை.

அவள் ஆபீஸ் கேண்டீனில் எனக்கு டீ வாங்கி வைத்தாள். நான் மிஷ்ரியிலிருந்து காலண்டர் வரைக்கும் எல்லாவற்றையும் முன்பின்னாகக் கொட்டினேன். டீ ஆறி ஆடை படிந்துவிட்டது.

"நீ ஏன் அன்னைக்கு இல்லன்னு சொன்னே? உன் மார்க் என் கையில இருந்ததுன்னு பயமா?"

"இல்ல ஆன்ட்டி. உங்க ஃபேஸ் பாத்தேன். நீங்க ரொம்ப பயந்துட்டு இருந்தீங்க. எதுக்குன்னு அப்போ புரியல." கப்பைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "அப்புறம் ரஞ்சன்காவ் பஸ்ல போறப்போ டெய்லி திட்டுவேன். தமிழ்ல திட்டத் தெரியாது. ஹிந்திலதான்."

"திட்டு. இப்பவும் திட்டு."

அவள் திட்டவில்லை. நான் தாளைப் பிரித்து மேஜைமேல் வைத்தேன். 'இல்லை'யின் மேல் ஒரே ஒரு கோடு. பழைய டிக் கீழே நன்றாகத் தெரிந்தது. பக்கத்தில் 'ஆம்'. என் முதலெழுத்து. இதை அவள் கல்லூரிக்கும் சித்ரே மேடத்தின் வீட்டுக்கும் அனுப்பப் போகிறேன் என்றேன். இத்தனை வருஷம் கழித்து யாருக்கு என்ன பிரயோஜனம் என்று அவள் கேட்பாள் என்று பயந்தேன்.

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்து மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தாள். திரும்ப என்னிடம் தள்ளினாள்.

"ஆன்ட்டி," என்றாள், "டேட் போடல."

போட்டேன்.